மயிரிழைத் துவாரமும் மூழ்கிய கப்பலும்

கடலுக்கடியில் 120 மீட்டர் ஆழத்தில் இறங்கியிருக்கும் மனிதன் உயிரோடிருக்க எவ்வளவு பிராணவாயு வேண்டும்? கேள்வியைக் கேட்டால் ஏதோ பெரிய கணக்கு வரப்போகிறது என்று தோன்றும். விடை மிகச் சிறியது. நிதானமாக நீந்தினால் நிமிஷத்துக்கு ஒரு லிட்டர், அவ்வளவுதான். திண்ணையில் சாய்ந்து பத்திரிகை படிப்பவருக்குக் கால் லிட்டரே போதும். பதற்றத்தில் கைகால்களை அடித்துக்கொண்டால் இரண்டு, இரண்டரை லிட்டர் வரை ஆகும். ஆழம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு கேட்கும் அளவு மாறுவதில்லை.

அந்த ஒரு லிட்டரை எப்படிக் கொடுப்பது என்பதுதான் ஆழ்கடல் முக்குளிப்போரிடையே ஓயாத வழக்கு. மூழ்கிய கப்பல்களைத் தேடி நூறு மீட்டருக்கும் கீழே போகிறவர்களில் சிலர், கம்பெனியார் செய்து கொடுத்த சுவாசக் கருவியை அப்படியே மாட்டிக்கொண்டு இறங்குவதில்லை. மேஜைமேல் வைத்துப் பிரிக்கிறார்கள். பிராணவாயு வரும் வழியை மாற்றுகிறார்கள். ஒரு வால்வைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துகிறார்கள். தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொள்ளும் வேலை இது என்கிறது ஒரு கட்சி. கருவியைச் செய்தவனா அத்தனை ஆழத்துக்குப் போகிறான், போகிறவனுக்கல்லவா கஷ்டம் தெரியும் என்கிறது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு சாராரும் மறந்துவிடும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. கழற்றி எறியப்படும் அந்தச் சின்னஞ்சிறு துவாரம், வேண்டுமென்றே கஞ்சத்தனமாகச் செய்யப்பட்டது. அந்தக் கஞ்சத்தனம்தான் அதன் காவல்.

விட்ட மூச்சே திரும்பவும்

முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு குமிழிகள் விட்டபடி நீந்தும் முக்குளிப்போரைச் சினிமாவில் பார்க்காதவர் இல்லை. அந்த முறையில் உள்ள விரயம் பலருக்குத் தெரியாது. கரையில் நிமிஷத்துக்கு இருபது லிட்டர் காற்றை உள்ளிழுப்பவன், 120 மீட்டர் ஆழத்தில் அதைப் போல் பதின்மூன்று மடங்கு செலவிடுகிறான். அங்கே தண்ணீரின் அழுத்தம் கரையில் உள்ளதைப் போல் பதின்மூன்று மடங்கு. காற்றும் அதற்கேற்ப நெருக்கிக்கொண்டு வருகிறது. நிமிஷத்துக்கு 260 லிட்டர் என்றால், 12 லிட்டர் கொள்ளும் சிலிண்டரை 200 மடங்கு அழுத்தத்தில் அடைத்துக்கொண்டு போனாலும் ஒன்பது நிமிஷத்தில் காலி. இத்தனை பெரிய செலவில் உடம்பு எடுத்துக்கொண்டது ஒன்பது லிட்டர் பிராணவாயு மட்டுமே. மற்றதெல்லாம் குமிழியாகிக் கடலோடு போயிற்று. அந்த ஆழத்தில் வெறும் காற்றையும் சுவாசிக்க முடியாது. நைட்ரஜன் கள்ளுண்டவன் போல மயக்கும். விலை உயர்ந்த ஹீலியம் கலந்தாக வேண்டும். அதைக் குமிழியாக விடுவது பணத்தைத் தண்ணீரில் விடுவதேதான்.

மறுசுவாசக் கருவி இந்த விரயத்தை அடியோடு நிறுத்திவிடுகிறது. விட்ட மூச்சு ஒரு பைக்குள் போகிறது. அங்கிருந்து சோடாச் சுண்ணாம்பு நிரப்பிய டப்பா வழியாகச் செல்கிறது. சுண்ணாம்பு கரியமில வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. உடம்பு செலவழித்த பிராணவாயுவை மட்டும் புதிதாகச் சேர்த்தால், அதே மூச்சு மறுபடியும் உள்ளே போகலாம். மூன்று லிட்டர் கொள்ளும் ஒரு சிறு சிலிண்டரில் அறுநூறு லிட்டர் பிராணவாயு அடங்கும். நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் வீதம் பத்து மணி நேரம் வரும்! மூழ்கிய கப்பலுக்குள் போகிறவனுக்கு இன்னொரு லாபமும் உண்டு. குமிழிகள் மேலே மோதித் துருவையும் சேற்றையும் தலையில் கொட்டுவதில்லை.

இப்படியெல்லாம் பாடுபட்டு அங்கே போய் என்ன காண்கிறார்கள்? டைட்டானிக்கின் தங்கைக் கப்பலான பிரிட்டானிக்கை எடுத்துக்கொள்ளலாம். முதல் உலக யுத்தத்தில் ஆஸ்பத்திரிக் கப்பலாக ஓடிய அது, 1916 நவம்பர் 21-ஆம் தேதி கிரேக்க நாட்டின் கேயா தீவுக்கருகே கண்ணிவெடியில் சிக்கி, 55 நிமிஷத்தில் மூழ்கியது. முப்பது பேர் மாண்டனர். கிடக்கும் ஆழம் சுமார் 120 மீட்டர். கூஸ்தோ 1975-இல் அதைக் கண்டுபிடித்தார். டைட்டானிக்குக்கு நேர்ந்த கதிக்குப் பிறகு பலப்படுத்திக் கட்டிய கப்பல், அதைவிடச் சீக்கிரமாக மூழ்கியது ஏன் என்ற கேள்வி வெகு காலம் இருந்தது. 2003-இல் அங்கே சென்ற ஒரு குழுவில் அடிவரை இறங்கிய அனைவருமே மறுசுவாசக் கருவி அணிந்திருந்தனர். கப்பலுக்குள் நுழைந்து, மூடியிருக்க வேண்டிய தண்ணீர்த் தடுப்புக் கதவுகள் பல திறந்தே கிடந்ததைப் பார்த்து வந்தனர். இத்தகைய விஷயங்களைக் கடலடியில் போய்த்தான் அறிய முடியும். ஆகவே ‘வேலையற்றவர்களின் விபரீத விளையாட்டு’ என்று இதை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது நியாயமாகாது.

எச்சரிக்கை செய்யாத எதிரி

இந்தக் கருவி புதிதல்ல. ஹென்றி ஃப்ளூஸ் என்ற ஆங்கில மாலுமி 1878 வாக்கிலேயே இப்படி ஒன்றைச் செய்துவிட்டார். கரியமில வாயுவைப் பிடிக்க, காரப் பொட்டாஷில் தோய்த்த கயிற்று நாரை உபயோகித்தார். 1880-இல் இங்கிலாந்தின் செவர்ன் நதிக்கடியில் வெட்டிக்கொண்டிருந்த ரயில் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்துவிட, அலெக்ஸாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பவர் ஃப்ளூஸின் கருவியை அணிந்து, கும்மிருட்டில் ஆயிரம் அடி தூரம் நடந்து போய் இரும்புக் கதவைச் சாத்தி வந்தார். அவர் சுவாசித்தது கலப்பில்லாத பிராணவாயு. அழுத்தத்தில் உள்ள பிராணவாயு விஷமாகும் என்று பிரான்ஸில் பால் பெர்ட் 1878-இலேயே புத்தகம் எழுதி வெளியிட்டிருந்தார். ஒரு நாட்டில் புத்தகம், மற்றொரு நாட்டில் கருவி. இரண்டும் அப்போது சந்தித்துக்கொள்ளவில்லை!

இரண்டாம் உலக யுத்தத்தின்போதுதான் இந்த விஷயம் தீர ஆராயப்பட்டது. 1942 முதல் பிரிட்டிஷ் கடற்படை டாக்டர் கென்னத் டொனால்ட் தொண்டர்களை வைத்துப் பல நூறு சோதனைகள் நடத்தினார். அவர் கண்டது முக்குளிப்போரைத் திடுக்கிட வைத்தது. ஆளுக்கு ஆள் தாங்கும் சக்தி மாறுகிறது என்பது மட்டுமல்ல. ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் மாறுகிறது. இன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கியவன், வேறொரு நாள் அதே ஆழத்தில் சில நிமிஷங்களில் வலிப்பு வந்து துடிக்கிறான். “எனக்கு இதுவரை ஒன்றும் ஆனதில்லை” என்பது இந்தத் துறையில் எதற்கும் சாட்சியாகாது.

இன்றைய கணக்குப்படி, சுவாசிக்கும் கலவையில் பிராணவாயுவின் பங்கு அழுத்தம் 1.2 அல்லது 1.3 வளிமண்டல அளவில் நிற்க வேண்டும். 1.6-ஐத் தாண்டினால் வலிப்பு எப்போது வேண்டுமானாலும் வரலாம். தண்ணீருக்கடியில் வலிப்பு வந்தால் வாயிலிருந்து குழாய் நழுவும். அப்புறம் சொல்ல வேண்டியதில்லை. 0.2-க்குக் கீழே போய்க்கொண்டிருந்தால் நினைவு தப்பிவிடும். இதுதான் மிகவும் வஞ்சகமான விஷயம். மூச்சு முட்டுகிறது என்று உடம்பு அலறுவது கரியமில வாயு சேரும்போதுதான், பிராணவாயு குறையும்போதல்ல. மறுசுவாசக் கருவியில் கரியமில வாயுவைச் சுண்ணாம்பு விழுங்கிவிடுகிறது. பிராணவாயு வராமல் நின்றுபோனாலும் மூச்சு சுகமாகவே ஓடும். தலைவலி இல்லை, திணறல் இல்லை. பையிலும் நுரையீரலிலுமாக ஏழு லிட்டர் வாயு இருக்கிறதென்றால், 1.3-லிருந்து 0.2-க்கு இறங்க ஏழெட்டு நிமிஷம் போதும். தூக்கம் வருவதுபோல் கண்ணை மூடுகிறவனுக்குத் தான் சாகிறோம் என்பதே தெரியாது.

கஞ்சனின் கை

பிராணவாயுவைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மின்சார வழி. பிராணவாயு மானிகள் அளவைப் பார்த்துச் சொல்ல, ஒரு சிறு கம்ப்யூட்டர் மின்காந்த வால்வைத் திறந்து மூடும். 1997-இல் பிரிட்டனில் ‘இன்ஸ்பிரேஷன்’ என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த கருவி இந்த வகை. மற்றொன்று கை வழி. கனடாவைச் சேர்ந்த கார்டன் ஸ்மித் 1990-களின் பிற்பகுதியில் ‘கிஸ்’ என்ற கருவியை இப்படி அமைத்தார். இதில் மூளையே கிடையாது. தலைமயிர் பருமனுள்ள ஒரு துவாரம் மட்டும். அதன் வழியே பிராணவாயு இடைவிடாமல் கசிந்துகொண்டேயிருக்கும். அளவு நிமிஷத்துக்கு முக்கால் லிட்டரை ஒட்டி. நீந்துகிறவனுக்கு வேண்டியது ஒரு லிட்டர் அல்லவா? மீதியை அவனே பொத்தானை அமுக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வேண்டியதைவிடக் குறைவாகக் கொடுப்பதில் இருக்கும் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும். துவாரம் எவ்வளவு நேரம் கசிந்தாலும் அளவு மீறாது. அதே சமயம், முழுவதும் பட்டினி போடுவதும் இல்லை; முக்குளிப்பவன் சற்று மறந்திருந்தாலும் அளவு மெல்லத்தான் இறங்கும். ஏழு நிமிஷ அவகாசம் அரை மணிக்கு நெருங்கி நீளும். எல்லாவற்றையும்விட முக்கியம், சில நிமிஷங்களுக்கொரு முறை அவன் மானியைப் பார்த்தே தீர வேண்டும். கடன்காரன் வாசலில் நின்று கூப்பிடுவதுபோல், அந்தக் குறை அவனைக் கூப்பிட்டுக்கொண்டேயிருக்கும்.

இதற்கு ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். சாதாரண ரெகுலேட்டர், இறங்க இறங்கத் தண்ணீரின் அழுத்தத்தை உணர்ந்து தன் அழுத்தத்தையும் கூட்டிக்கொடுக்கும். இந்தக் கருவியில் அந்த உணரும் வழியை அடைத்துவிடுகிறார்கள். துவாரத்துக்குப் பின்னால் உள்ள அழுத்தம் எந்த ஆழத்திலும் ஏறக்குறைய 11 வளிமண்டலம் என்றே நிற்கும். துவாரத்தின் ஒரு பக்க அழுத்தம் மறு பக்கத்தைப் போல் இரு மடங்கு இருக்கும்வரை, வாயு ஒலியின் வேகத்தில் பாய்கிறது. அதற்கு மேல் வேகமெடுக்காது. ஆகவே அளவு மாறாது. இலங்கையில் மட்டக்களப்புக்கு அப்பால் 53 மீட்டர் ஆழத்தில், ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பல் கிடக்கிறது. அங்கே இறங்குகிறவனுக்கு இந்தத் துவாரம் ஏறக்குறைய முழு அளவும் கொடுக்கும். எண்பது மீட்டரில் அளவு குறைந்துவிடும். தொண்ணூறைத் தாண்டினால் வெகு வேகமாக வற்றும். நூறு மீட்டரில் வெளியே 11, உள்ளே 11. கசிவு நின்றது.

கசிவு மட்டுமல்ல, கைப்பொத்தானும் அதே ரெகுலேட்டரிலிருந்து வருவதானால், அமுக்கினாலும் ஒன்றும் வராது. பிரிட்டானிக்கின் ஆழத்தில் வெளி அழுத்தம் 13. சிலிண்டர் நிறையப் பிராணவாயுவை முதுகில் சுமந்துகொண்டே அது கிடைக்காமல் மடிய வேண்டியதுதான். கருவியை மாற்றக்கூடாது என்று கரையில் உட்கார்ந்து உபதேசம் செய்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? நூறு மீட்டருக்குக் கீழே மாற்றாமல் போவதுதான் பைத்தியக்காரத்தனம்.

மூன்று வைத்தியங்கள்

மாற்றுகிறவர்கள் செய்வது மூன்று வகை. உள் அழுத்தத்தை 14, 15 என்று கூட்டிவிடுவது ஒன்று. கூட்டினால் ஆழம் குறைந்த இடத்தில் வேண்டியதைவிட அதிகம் கசியும். ஆகவே துவாரத்தை இன்னும் சிறிதாக்க வேண்டும். துவாரம் சிறுக்கச் சிறுக்க ஒரு தூசி போதும், அடைத்துக்கொள்ள. குழாய்களும் வால்வுகளும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவைதானா என்பது வேறு விசாரம்.

இரண்டாவது வைத்தியம் ஊசி வால்வு. மிகவும் பிரபலமானது இதுதான். மிகவும் யோசிக்க வேண்டியதும் இதுதான். நிலையான துவாரத்தை எடுத்துவிட்டு, குமிழைத் திருகினால் கூடக் குறையச் செய்யக்கூடிய ஒரு வால்வை வைக்கிறார்கள். ரெகுலேட்டரில் அடைத்திருந்த வழியையும் திறந்துவிடுகிறார்கள். இனி எந்த ஆழத்திலும் பிராணவாயு வரும். தன் உடம்பு செலவிடும் அளவுக்குச் சரியாகத் திருகி வைத்துக்கொண்டால் பொத்தானை அமுக்கும் வேலையும் இல்லை. கைக்கு ஓய்வு, காமிராவைப் பிடித்துக்கொள்ளலாம் என்று புகழ்கிறார்கள்.

அந்த ஓய்வில்தான் ஆபத்து இருக்கிறது. படகில் நின்று முக்கால் லிட்டருக்குத் திருகி வைத்துவிட்டு ஒருவன் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். ரெகுலேட்டர் இப்போது ஆழத்தோடு சேர்ந்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. 120 மீட்டரில் அதே திருகலில் ஒன்றரை லிட்டருக்கு மேல் பாயும். கப்பலின் அணியத்தைப் பார்த்துப் பிரமித்து அசையாமல் மிதந்துகொண்டிருப்பவனுக்கு அதில் பாதிதான் செலவு. மீதி பையில் சேரும். 1.3-லிருந்து 1.6-க்கு ஏற இரண்டு மூன்று நிமிஷம் போதும். ஒரு நல்ல புகைப்படம் எடுக்கும் நேரம்!

பழைய துவாரம் தவறு செய்தால் குறைவின் பக்கம்தான் செய்யும், அதுவும் மெதுவாக. ஊசி வால்வு இரு பக்கமும் தவறு செய்யும்; மிஞ்சும்போது வேகமாகச் செய்யும். கஞ்சனை வீட்டை விட்டு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் கணக்கு வழக்கில்லாத தாராளப் பிரபுவை வைத்தது போலத்தான். பிரபுவின் கையை ஒருவன் ஓயாமல் பிடித்துக்கொண்டிருந்தால் சரி. ஆனால் அந்த வேலை வேண்டாம் என்றுதானே கஞ்சனை அனுப்பினார்கள்?

மூன்றாவது வைத்தியத்தில் கவர்ச்சி ஒன்றுமில்லை. துவாரத்தையும் அதன் அடைத்த ரெகுலேட்டரையும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ஆழத்துக்கேற்ப அழுத்தம் கூட்டும் சாதாரண ரெகுலேட்டர் பொருத்திய இன்னொரு பிராணவாயு சிலிண்டரைக் கொண்டுபோய், கைப்பொத்தானை மட்டும் அதிலிருந்து இயக்குகிறார்கள். நூறு மீட்டரைத் தாண்டும்போது கசிவு தானே நின்றுபோகும். அங்கே இருக்கும் சொற்ப நேரத்துக்கு, முழு அளவையும் கையால் கொடுக்க வேண்டும். திரும்பி ஏறும்போது கசிவு தானே உயிர்பெறும். கூடுதல் சிலிண்டர், கூடுதல் குழாய், கூடுதல் பாரம், பார்ப்பதற்கும் அசிங்கம். என்றாலும் மூன்றில் இதுதான் புத்திசாலித்தனமானது. ஆழத்தில் கிடைக்காததைக் கிடைக்கச் செய்கிறது. ஆனால் கருவியின் கஞ்சத்தனத்தைக் கெடுக்கவில்லை. மிக அபாயமான இடத்தில் மிக அதிகமாகக் கவனிக்கும்படி செய்கிறது. ஊசி வால்வோ அங்கேதான் ஓய்வெடுக்கச் சொல்கிறது.

எந்த வைத்தியமானாலும் ஒரு எச்சரிக்கை உண்டு. உயர் அழுத்தத்தில் வரும் கலப்பற்ற பிராணவாயுவுக்கு முன்னால் ஒரு துளி எண்ணெயும் வெடிமருந்துதான். கடையில் கிடைத்த வால்வை, கிரீஸ் துடைக்காமல், பொருத்தமில்லாத ரப்பர் வளையத்தோடு மாட்டினவன் கடலில் இறங்குவதற்கு முன்பே, படகில் நிற்கும்போதே தீப்பிடிக்கலாம். பிராணவாயு சிலிண்டரின் குமிழை மெதுவாகத் திறக்கச் சொல்வது இதற்காகத்தான். சட்டென்று திறந்தால் குழாயில் நெருங்கும் வாயு சூடேறிவிடும்.

யார் குற்றம்?

இத்தனை சங்கடம் எதற்கு, மின்சாரக் கருவியை வாங்கிக்கொண்டு போகலாமே என்று கேட்கலாம். ஆண்ட்ரூ ஃபாக் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1998 முதல் 2010 வரை பொழுதுபோக்கு முக்குளிப்பில் மறுசுவாசக் கருவியோடு மாண்ட 181 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார். சாதாரண சிலிண்டர் முக்குளிப்பைவிட மரண விகிதம் சுமார் பத்து மடங்கு இருக்கலாம் என்பது அவர் மதிப்பு. கையால் இயக்கும் கருவி, மின்சாரக் கருவி என்று பிரித்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாண்டவர்களில் மூன்றில் இரு பங்குப் பேரிடம் அபாயமான முக்குளிப்போ, அபாயமான நடத்தையோ காணப்பட்டது. யந்திரம் நினைவு வைத்துக்கொள்ளும் என்று மனிதன் மறந்துவிடுகிறான். மனிதன் நினைவு வைத்துக்கொள்வான் என்று விட்ட யந்திரத்தையும் அவனே மறந்துவிடுகிறான்.

மானிகளையும் முழுக்க நம்புவதற்கில்லை. பிராணவாயு மானி என்பது ஒரு சிறிய மின்கலம். உள்ளே உள்ள ஈயம் கரையக் கரைய மின்சாரம் பிறக்கிறது. அது கிழமாகும்போது ஒரு விசித்திர நோய் வரும். 1.3 வரை ஒழுங்காகக் காட்டும். அதற்கு மேல் ஏறவே ஏறாது. உண்மையில் அளவு 1.7-ஐத் தொட்டிருக்கும், மானி 1.3 என்றே அசையாமல் நிற்கும். அதனால்தான் மூன்று மானிகளை வைத்து, இரண்டு சொல்வதை நம்பு என்கிறார்கள். ஒரே நாளில் செய்து, ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் கிழமான மூன்று மானிகள் ஒரே பொய்யைச் சொன்னால் பெரும்பான்மைத் தீர்ப்பினால் என்ன பிரயோஜனம்? ஆறு மீட்டர் ஆழத்தில் பையைக் கலப்பற்ற பிராணவாயுவால் நிரப்பிப் பார்த்தால் மானி 1.6 காட்ட வேண்டும். காட்டாததை அன்றே தூக்கி எறிய வேண்டும். ஊசி வால்வுக்காரர்கள்தாம் இந்தச் சோதனையை ஒரு முறையும் தவறவிடக் கூடாது. அவர்களுடைய வால்வுதான் மேல்பக்கம் தவறு செய்யக்கூடியது.

சட்டம் போட்டுத் தடுத்துவிடலாம் என்ற யோசனையும் அவ்வப்போது எழுகிறது. ஐரோப்பாவில் மறுசுவாசக் கருவிக்கென்றே இ.என். 14143 என்ற தர விதி இருக்கிறது. மாற்றியமைத்த கருவிக்கு அந்த அங்கீகாரம் செல்லாது. அந்த அளவு போதும். கடலுக்கடியில் எந்த இன்ஸ்பெக்டரை நிறுத்த முடியும்? தடை போட்டால் மாற்றுகிறவன் இரகசியமாக மாற்றுவான். இரகசியம்தான் இங்கே எமன். உடன் இறங்குகிறவனுக்குத் தோழனின் கருவியில் எந்தக் குமிழ் எந்தப் பக்கம் திரும்பினால் பிராணவாயு நிற்கும் என்று தெரிய வேண்டும். மயங்கியவனைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. தன் உயிர், தன் இஷ்டம் என்று பேசுகிறவர்கள், தங்களைத் தேடி அதே இருட்டுக்குள் மறுபடி இறங்குகிறவர்களின் உயிரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாற்று, ஆனால் மறைக்காதே என்பதுதான் நியாயமான கோரிக்கை. மாற்றிய ஒவ்வொன்றையும் எழுதிவைத்து, உடன் வருபவர்களிடம் காட்ட வேண்டும். கசிவின் அளவை ஓட்டமானி வைத்து ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். காதால் கேட்டு ‘சரியாகத்தான் வருகிறது’ என்பது அளவல்ல. புதிய வால்வோடு முதல் முறை இறங்குவது பத்து மீட்டரில் இருக்க வேண்டும், கப்பலில் அல்ல. கருவி முழுவதுமே கைவிட்டாலும் மேலே வந்து சேரப் போதுமான தனிச் சிலிண்டர்களைச் சுமக்க வேண்டும். இதையெல்லாம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதவர்களும் அதே படகில்தான் இருக்கிறார்கள்.

ஏறும் வழி

கப்பலில் இருப்பது அரை மணிதான். அங்கிருந்து மேலே வர நாலைந்து மணி நேரம் ஆகும். உடம்பில் கரைந்த ஹீலியமும் நைட்ரஜனும் வெளியேறும்வரை வழியெல்லாம் நின்று நின்று வர வேண்டும். எல்லாரும் கப்பலில் இருக்கும் அரை மணியைப் பற்றியே பேசுகிறார்கள். மாற்றிய வால்வின் குணம் நன்றாகத் தெரிவது இந்த ஏற்றத்தில்தான்.

ஏற ஏற வெளி அழுத்தம் குறைகிறது. பையில் உள்ள பிராணவாயுவின் பங்கு அழுத்தமும் கூடவே விழுகிறது. 120 மீட்டரில் 1.3 ஆக இருந்தது, ஒன்றும் சேர்க்காவிட்டால் 55 மீட்டரில் பாதியாகும். ஆறு மீட்டரில் 0.16. அதாவது, மேலே வர வர அதிகமாகச் சேர்க்க வேண்டும். ஊசி வால்வு செய்வது நேர் எதிர். வெளி அழுத்தம் குறைந்தால் அதற்குப் பின்னால் உள்ள ரெகுலேட்டரும் தன் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அடியில் ஒரு லிட்டர் கொடுத்த திருகல், ஆறு மீட்டரில் அரை லிட்டர்தான் கொடுக்கும். பழைய அடைத்த ரெகுலேட்டரோ, நாற்பத்தைந்து மீட்டருக்கு மேலே வந்ததும் தன் முழு அளவுக்குத் திரும்பிவிட்டிருக்கும்.

அப்போது மணி எத்தனையோ ஆகியிருக்கும். குளிர் எலும்பில் ஏறியிருக்கும். கப்பல் பார்த்தாயிற்று, படம் எடுத்தாயிற்று. படகின் அடிப்பாகம் தலைக்கு மேலே தெரிகிறது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன் அந்த நேரத்தில் கையை மார்புக்குக் கொண்டுபோய், குமிழைத் தேடி, திறக்கும் பக்கம் திருகி, மானியைப் பார்த்து, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். ஆறு மீட்டரில் மட்டும் அவன் இப்படி ஒரு மணிக்கு மேலும் தொங்க வேண்டியிருக்கும்.